டிரமடாலை விட்டபோது மருந்து எனக்கு என்ன செய்தது

2023 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். கத்தி மிஷினை அப்போதுதான் அணைத்துவிட்டு மார்க்கர் பேப்பரை நேராக்கப் போயிருக்கிறேன். அந்த வலிப்பு இரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் என் விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். கை கால் வெட்டி இழுத்ததாம். ஹெல்பர் பையன் பயந்துபோய் இரும்புச் சாவியை என் கையில் திணித்திருக்கிறான்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். "இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா?" இல்லை என்றேன். அது உண்மை. "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" இல்லை என்றேன். அது பொய். அன்று காலை ஏழு மணிக்கு டிரமடால் என்ற வலி மருந்தின் 50 மில்லிகிராம் கேப்ஸ்யூல் எட்டு விழுங்கியிருந்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரை போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் என் மனைவி வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. ஒன்றும் பேசாமல் டாக்டரின் மேஜையில் அதைக் கவிழ்த்தாள். பரண் மேல், வண்டியின் சைடு பாக்ஸில், அரிசி டின்னுக்குப் பின்னால் என்று நான் ஒளித்து வைத்திருந்த காலி அட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. பல மாதமாக அவள் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறாள். "இதுதானுங்க சார் அவர் சாப்புடறது" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கவிழ்த்த அந்தப் பையால்தான் சரியான சிகிச்சை தொடங்கியது. இல்லையென்றால் வலிப்பு நோய்க்காரன் என்று எழுதி வருடக்கணக்கில் வேறு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அளவு கூடினால் வலிப்பை வரவைக்கும் மருந்து டிரமடால். ஒரு நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பார்கள். நான் 600-ல் இருந்தேன்.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் எனக்கு இடுப்பு டிஸ்க் விலகியது. நாள் முழுக்க நின்றுகொண்டு, டேபிளின் மேல் குனிந்து செய்யும் வேலை. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். வலி போனதோடு அசதியும் போனது, மனசு லேசானது. டிரமடால், அபின் வகை வலி மருந்துகளான மற்ற ஓபியாய்டுகளைப் போல மட்டும் வேலை செய்வதில்லை. செரோடோனின், நார்அட்ரினலின் என்கிற மூளை ரசாயனங்களையும் கூட்டுகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் இரவு வேலை பார்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை என்று அப்போது தோன்றியது.

2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கடைகளில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் உடம்புக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதே மாத்திரையைப் பல மடங்கு விலைக்கு, ஆள் மாற்றி ஆள் பிடித்து வாங்கினேன். சம்பளத்தில் எவ்வளவு போனது என்று என் மனைவியிடம் இன்னும் முழுசாகச் சொன்னதில்லை.

விட முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று முறை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். மூன்று முறையும் இரண்டாம் நாளைத் தாண்டவில்லை. முதலில் கொட்டாவி, நிற்காத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அப்புறம் தும்மல், புல்லரிப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. ராத்திரி ஆனால் காலில் ஒரு குடைச்சல். எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், காலை உதறிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையோடு டிரமடாலுக்கே உரிய இன்னொன்றும் எனக்கு வந்தது. தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல ஒரு வெட்டு, காரணமே இல்லாத பயம். ஃப்ளூ காய்ச்சல் மாதிரிதான் இருக்கும், தாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ச்சலில் படுத்திருப்பவனுக்கு, ஒரே ஒரு மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும் என்பது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருந்தது.

நான்காவது முறை, 2021-ல், மச்சான் என்னை ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார். பெயர் வேண்டாம். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார் என்றார்கள். நான் இருந்த ஒன்பது நாளில் பார்க்கவில்லை. கதவைப் பூட்டி, பாயில் படுக்கவைத்து, "மனசு வெச்சா முடியும்" என்றார்கள். வாந்திக்கு ஒரு மாத்திரை கேட்டேன். மாத்திரையால்தானே இங்கே வந்தாய் என்றார்கள். ஒன்பதாம் நாள் மனைவி வந்து என்னைப் பார்த்தாள். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடும் அளவுக்கு இளைத்திருந்தேன். கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அதற்கடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். வந்த அன்று இரவே பழைய அளவை அப்படியே விழுங்கினேன். ஒன்பது நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனதாம். மனைவி விடிய விடிய என்னை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். போதையை விட்டு வெளியே வந்தவர்கள் பலர் இறப்பது இப்படித்தான், பழைய அளவுக்குத் திரும்பும் முதல் சில நாட்களில். மருந்தும் தொடர் சிகிச்சையும் இல்லாமல் வெறுமனே நாள் கணக்கு மட்டும் ஓட்டிவிட்டு அனுப்புவது உதவி அல்ல, ஆபத்து.

சரி, 2023-க்கு வருகிறேன். தலை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. வலிப்புக்கு மருந்து கொடுத்துவிட்டு, கோவையில் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "கடைசியா எத்தனை மணிக்கு, எத்தனை போட்டீங்க?" என்றுதான். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகுமா என்று கேட்டேன். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே பாதுகாப்பு தருகிறது, இங்கே நீங்கள் நோயாளி, அவ்வளவுதான் என்றார். இத்தனை வருடம் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாததற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தான்.

புப்ரினார்ஃபின் என்று ஒரு மருந்து கொடுக்கப்போவதாகச் சொன்னார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. கூடவே நலாக்சோன் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். நாக்கடியில் வைத்தால் அந்த நலாக்சோன் ரத்தத்தில் பெரிதாகச் சேராது. கரைத்து ஊசியில் ஏற்ற நினைப்பவரைத் தடுக்கத்தான் அது. உடனே கொடுங்கள் என்றேன். "இப்ப முடியாது. உங்க உடம்பு கேக்கற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். புப்ரினார்ஃபின் மூளையில் அதே இடங்களில் போய் உட்காரும், ஆனால் மிக இறுக்கமாக உட்காரும். ஏற்கெனவே இருக்கும் டிரமடாலைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஆனால் முழு வேலை செய்யாது, பாதி வேலைதான் செய்யும். பழைய மாத்திரை இன்னும் நிறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால் முழு வேலை திடீரென்று பாதியாகக் குறையும். நடுக்கமும் வாந்தியும் ஒரே அடியாக வந்துவிடும். பழைய மருந்து தானாக வடிந்து, உடம்பு காலியாகத் தவிக்கும்போது கொடுத்தால் அந்தப் பாதியே நிம்மதியாக இருக்கும்.

எனக்கு இது சட்டென்று புரிந்தது. நிட்டிங் துணி ரோலாக வந்ததும் நாங்கள் வெட்டமாட்டோம். பிரித்து, தளர்வாக மடித்துப் போட்டு, ஒரு நாள் ஓய்வில் விடுவோம். இழுவை எல்லாம் இறங்கி, துணி தன் உண்மையான அளவுக்கு வந்த பிறகுதான் வெட்டுவதற்காக அடுக்கி லே போடுவோம். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு சைஸ் சுருங்கிவிடும், மொத்த ஆர்டரும் போகும். அவசரப்பட்ட ஒருவரை வெட்டவிடாமல் நானே பலமுறை தடுத்திருக்கிறேன். இப்போது அந்தத் துணியின் இடத்தில் நான்.

அந்த இரவைக் கடக்கத் துணையாக வந்தது குளோனிடின். அது போதை மருந்தே அல்ல. ரத்த அழுத்தத்துக்கான பழைய மாத்திரை. ஓபியாய்டு இத்தனை வருடம் மூளைத்தண்டில் அமுக்கி வைத்திருந்த நார்அட்ரினலின், அமுக்கிய கை எடுத்ததும் கொதித்து மேலே வரும். படபடப்பு, வியர்வை, புல்லரிப்பு எல்லாம் அதன் வேலை. குளோனிடின் அந்தக் கொதிப்பை அடக்குகிறது. 100 மைக்ரோகிராம் மாத்திரை. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் பிரஷர் பார்த்தார்கள். இரவு பதினோரு மணிக்கு நான் கேட்டபோது சிஸ்டர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அண்ணா, பிரஷர் தொண்ணூறுக்குக் கீழ இருக்குங்க. இப்பக் குடுத்தா எந்திரிக்கறப்ப மயங்கி விழுந்துருவீங்க." கெஞ்சினேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, காலை உயர்த்திவைத்துப் படுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஏறியிருந்தது, கொடுத்தார்.

குளோனிடின் என்ன செய்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். வியர்வை அடங்கியது, நெஞ்சு அடிப்பது குறைந்தது. வாய் வறண்டது. கால் குடைச்சலும், தூக்கமின்மையும், மாத்திரை வேண்டும் என்ற ஏக்கமும் அப்படியே இருந்தன. வயிற்றுப்போக்குக்கு லோபராமைடு, குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான், உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வந்தது. இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லோபராமைடை அள்ளிப் போட்டு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. குளோனிடினுக்கு முன் பிரஷர் பார்ப்பது ஏன் என்று மேலே சொன்னேன்.

சில மணி நேரத்துக்கு ஒரு முறை சிஸ்டர் ஒரு தாளோடு வருவார். மாத்திரையை நிறுத்தியதும் வரும் தவிப்பு எவ்வளவு என்று அளக்கும் தாள், காவ்ஸ் என்று அதற்குப் பெயர். பதினோரு விஷயம். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் அகலம், மூக்கு ஒழுகல், கை நடுக்கம், கொட்டாவி, ரோமம் சிலிர்ப்பது, மூட்டுவலி, வயிறு, பதற்றம், ஓரிடத்தில் உட்கார முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் மார்க். மொத்தம் 48. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் எனக்கு மார்க் போட்டதில்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு 7. இன்னும் வரட்டும் என்றார்கள். விடியற்காலை ஐந்துக்கு 10. நான் கஷ்டப்படுவதை ஒருவர் எண்ணால் எழுதிக்கொள்வது எனக்கு வித்தியாசமான ஆறுதலாக இருந்தது. நடிக்கிறான் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடைசிக் கேப்ஸ்யூல் போட்டு 26 மணி நேரம் கழித்து, 14.

டாக்டரம்மாவே வந்தார். வாயைத் தண்ணீர் விட்டு நனைக்கச் சொல்லி, 2 மில்லிகிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். விழுங்கக்கூடாது, பேசக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது. கரைய எட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நல்ல கசப்பு. எச்சிலை விழுங்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம், கொட்டாவி வரவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்கு அடுத்ததாகக் கால். உதறிக்கொண்டே இருந்த கால் கட்டிலின் மேல் சும்மா கிடந்தது. என்னுடைய காலா என்று பார்த்தேன். டிரமடால் போட்டவுடன் வரும் அந்த லேசான மிதப்பு வரவில்லை. வலியும் தவிப்பும் மட்டும் விலகி, வெறுமனே ஒரு ஆளாக உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. மனைவி பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன். "மாமா, கண்ணு பழையபடி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் இன்னொரு 2 மில்லிகிராம். அடுத்த நாள் முதல் காலையில் 4, ஒரே முறை. அந்த அளவே எனக்குப் போதுமாக இருந்தது. ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருபது வயசுப் பையன் ஒருவன். டிரமடால் போன்ற இன்னொரு வலி மருந்தான டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். இரண்டு கையிலும் நரம்பு கயிறு மாதிரி தடித்துப்போயிருந்தது. முதல் நாள் காலை கேட்டபோது, நேற்று இரவோடு சரி என்று சொல்லிவிட்டான். உண்மையில் விடியற்காலையில் கழிப்பறையில் ஒன்று போட்டிருக்கிறான். புப்ரினார்ஃபின் வைத்து அரை மணி நேரத்தில் பையன் துடித்துப்போனான். வாந்தி, பேதி, கத்தல். டாக்டரம்மா எனக்குச் சொன்ன அதே விஷயம் என் கண் முன்னால் நடந்தது. அவனைத் திட்டாமல், குளுக்கோஸ் ஏற்றி, மற்ற மருந்துகள் கொடுத்து, நாள் முழுக்கக் கூடவே இருந்து அவனைக் கரையேற்றினார்கள். சாயங்காலம் அவன் அம்மா என் மனைவியிடம் அழுதார். நேரத்தைப் பற்றி மட்டும் டாக்டரிடம் பொய் சொல்லாதே என்று நான் அவனிடம் சொன்னேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்றால், முந்தின நாள்தான் நானும் பொய் சொன்னவன். அதனாலேயே சொன்னேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அன்றே மச்சான் வந்தார். நல்லவர்தான், எனக்காகக் கடன் வாங்கியவர். "மாப்ள, மாத்திரைய விடறதுக்கு இன்னொரு மாத்திரையா? இது எப்ப விடறது?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடியும். முன்பு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என் நாளை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் எத்தனை, வண்டியில் எத்தனை, நாளைக்கு யாரிடம், பணம் எங்கே என்று ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையில் ஆடும்போதுகூட நான் பையைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது காலையில் ஒரு முறை நாக்குக்கு அடியில், அத்தோடு மறுநாள் காலை வரை அந்த நினைப்பே இல்லை. மருந்து உடம்பில் ஒரு நாளைக்கு மேல் நிற்கிறது, ஏறி இறங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரண்டையும் மாத்திரை என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், அவ்வளவுதான் ஒற்றுமை.

தொந்தரவே இல்லையா என்றால் இருக்கிறது. மலச்சிக்கல் கடுமையாக வந்தது. கீரையும் தண்ணீரும் போதாமல் மருந்தும் எடுத்தேன். முதல் மாதம் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது. தூக்க மாத்திரை கேட்டதற்கு டாக்டரம்மா கண்டிப்பாக மறுத்தார். இதோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். மாத்திரை கரைந்ததும் வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டும், பல் தேய்க்க ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பல் கெடும். வாரா வாரம் கோவைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அரை நாள் கூலி போகும். மாத்திரை மனைவியின் பீரோவில் இருக்கும். அதை அவமானமாக நினைத்த நாளும் உண்டு.

இடுப்பு வலி எங்கும் போய்விடவில்லை. அது இருந்ததால்தானே எல்லாமே தொடங்கியது. பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறேன். கம்பெனியில் கேட்டு டேபிள் காலுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து நான்கு அங்குலம் உயர்த்தினேன். குனிவது பாதியாகக் குறைந்தது. 2015-லேயே யாராவது எனக்கு அந்த மரக்கட்டையைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வருடம் 4 மில்லிகிராமிலேயே இருந்தேன். பிறகு மிக மெதுவாக இறக்கி, இப்போது 0.4 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் நான்கைந்து நாள் கொட்டாவி வரும், போய்விடும். அவசரம் இல்லை என்கிறார் டாக்டரம்மா. நானும் அவசரப்படவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இது தேவை என்றால், 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண், 14416 மனநல உதவிக்கான டெலி மனஸ். இரண்டுக்கும் காசு கிடையாது.

போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கி முடித்ததும் பல் டாக்டர் சீட்டில் எழுத ஆரம்பித்தார். "நல்ல வலி மாத்திரையா எழுதறேன், டிரமடால் கலந்தது, ராத்திரி நிம்மதியா தூங்கலாம்." வெளியே நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், கதவும் திறந்திருந்தது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு அது வேண்டாமுங்க டாக்டர். அதுக்கு அடிமையா இருந்து, இப்ப புப்ரினார்ஃபின் எடுக்கறேன்." வெளியாள் ஒருவரிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பாரசிட்டமால், இபுப்ரோஃபென், மூன்று நாளைக்கு. "சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்றார்.

இரவு வலித்தது. எட்டு மணிக்கு ஒன்று போட்டுக்கொண்டேன். அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து என்று சீட்டில் எழுதியிருந்தது. அதற்குள் தூங்கிவிட்டேன்.